குன்னூர் கிளப்புல தோத்த செஸ் கேமை எப்படி அனலைஸ் பண்றது

தம்பி, கம்ப்யூட்டர் "எல்லா மூவும் தப்பு"ன்னு காட்டுது, எதுல இருந்து கத்துக்கறதுன்னு புரியலன்னு எழுதியிருந்தீங்க. முதல்ல இன்ஜினை, அதான் மூவை சரி தப்புன்னு சொல்ற அந்த செஸ் புரோகிராமை, ஆஃப் பண்ணிட்டு போர்டுல காய் அடுக்கி வெச்சு ஆடிப் பாருங்க, கோத்தகிரில இப்ப மழைக்கு கரண்ட் போயிட்டு போயிட்டுதான வருது, நானும் அப்படித்தான் பாத்தேன்.

உங்க கேம்ல விஷயமே அஞ்சாவது மூவுலதான் இருக்கு. எதிராளி குதிரைய ஜி5 கட்டத்துக்கு கொண்டு வந்தாரு, நீங்க சிப்பாய டி5க்கு தள்ளுனீங்க, அது சரி, அவர் சிப்பாய வெட்டுனதும் நீங்க திரும்ப குதிரையால வெட்டுனீங்க பாருங்க, அங்கதான் அவருக்கு எஃப்7ல குதிரைய பலி குடுக்க வழி கிடைச்சுது. ராஜா வெட்டுனதும் ராணி எஃப்3 செக், அதுக்கு நீங்க ஜி8க்கு ஓடுனதுல மேட். ராஜா இ6க்கு வந்து டி5ல இருக்கற உங்க குதிரைய காப்பாத்தியே ஆகணும், அப்பவும் சி3ல அவரோட இன்னொரு குதிரை வந்து அழுத்தும், ஆடவே கஷ்டம்.

அதனால டி5ல வெட்டாம, சி6ல இருக்கற உங்க இன்னொரு குதிரைய ஏ5க்கு கொண்டு போங்க. அவர் பிஷப் பி5க்கு வந்து செக் வெச்சா சிப்பாய சி6க்கு தள்ளுங்க, அவர் சிப்பாயால அத வெட்டுவாரு, நீங்களும் சிப்பாயால திரும்ப வெட்டுங்க. ஒரு சிப்பாய் கம்மி, ஆனா அவரோட பிஷப்பும் குதிரையும் விரட்டுப்பட்டுட்டே இருக்கும், உங்க காய் எல்லாம் வெளிய வந்துரும்.

ஒவ்வொரு மூவுக்கும் அப்ப என்ன நினைச்சீங்கன்னு பக்கத்துலயே எழுதிட்டு, அதுக்கப்புறம் இன்ஜின் போடுங்க. ஞாயித்துக்கிழமை அந்த எதிராளிகிட்டயே ஒரு டீ வாங்கிக் குடுத்து, ஏ5க்கு போயிருந்தா என்ன ஆடியிருப்பீங்கன்னு கேளுங்க.