கொரோனா வந்து குணமான பிறகு உடம்பில் இருக்கும் டி செல் எதிர்ப்பாற்றல் என்பது என்ன?

டி செல் என்பது ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. கொரோனா குணமானதும், அந்த வைரஸை அடையாளம் கண்ட டி செல்களில் ஒரு பகுதி நினைவுச் செல்களாக உடம்பிலேயே தங்கிவிடும். அதே வைரஸ் மறுபடி வந்தால் அவை மளமளவெனப் பெருகும்.

வைரஸோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் புரதமான ஆன்டிபாடி இருக்கும்போது இது எதற்கு? ஆன்டிபாடி வாசல் காவலாளி மாதிரி, செல்லுக்கு வெளியே திரியும் வைரஸைத்தான் பிடிக்கும். உள்ளே புகுந்துவிட்ட திருடனைத் தேடிப் பிடிப்பது டி செல். தொற்றிய செல், தனக்குள் உருவாகும் வைரஸ் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும். அந்தத் துண்டை இனங்கண்டதும், கொல்லும் வகை டி செல் அந்தச் செல்லையே அழித்துவிடும். இன்னொரு வகை, ஆன்டிபாடி உருவாக உதவும். துண்டுகள் பல புரதங்களிலிருந்து வருவதால்தான், வைரஸின் மேல் முள் மாதிரி நிற்கும் ஸ்பைக் புரதம் வெகுவாக மாறிய ஒமைக்ரான் என்ற கொரோனா திரிபையும் பழைய டி செல்கள் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொண்டன.

என்னை அசத்துவது அதன் ஞாபகசக்தி. 2003-ல் சார்ஸ் (கொரோனா குடும்பத்து இன்னொரு வைரஸால் வரும் நோய்) வந்து மீண்டவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் அதற்கான டி செல்கள் இருந்தன.

சரி, அப்படியானால் மறுபடி தொற்றே வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாம், செல்லுக்குள் வைரஸ் புகுந்த பிறகுதான் டி செல் அதைக் கண்டுபிடிக்கிறது, நோய் கடுமையாகாமல் தடுப்பதில்தான் அதன் பலம் தெரியும்.