எதற்கும் இருக்கட்டும் என்று அனுப்பிய வீடியோ

அன்புள்ள ஐயா,

கொள்ளிடக் கரையில், கபிஸ்தலம் பக்கம் எங்கள் ஊர். ஆடியில் ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, 'திருச்சி பக்கம் முக்கொம்பு அணை உடைந்தது, இரவுக்குள் தண்ணீர் வரும்' என்று ஒரு வீடியோ வந்தது. 'உண்மையா தெரியவில்லை, எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதித்தான் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன். படுகையில் வாழை போட்டிருந்த என் பெரியப்பா, முற்றாத தார்களை வெட்டி வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். தண்ணீர் வரவில்லை. பொய்யைக் கிளப்பியவனை விட்டுவிட்டு எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா? குழுவை விட்டே விலகிவிடலாமா என்றிருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்புதான். உங்கள் எண்ணம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'உண்மையா தெரியவில்லை' என்ற வரியைப் பெரியப்பா படித்திருக்கவே மாட்டார். யார் அனுப்பியது என்றுதான் பார்த்திருப்பார். நம்ம பிள்ளை, படித்தவன். முகம் தெரியாத ஒருவனுக்கு அவரிடம் ஜாமீன் நின்றது நீங்கள்.

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது எடுத்தது அது. இடிந்து தொங்கும் பழைய பாலம் அதில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே இப்போது புதிய கதவணையே கட்டியாகிவிட்டது. முக்கொம்பில் உண்மையிலேயே உடைத்துக்கொண்டாலும் தண்ணீர் உங்கள் ஊர் வரச் சில மணி நேரம் பிடிக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்கு, ஒரு போன் போட அது போதும்.

வாட்ஸப் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. பல கை மாறி வந்த செய்திக்கு அவர்கள் இரட்டை அம்புக்குறி போடுகிறார்கள். உங்கள் வீடியோவிலும் அது இருந்தது. அதே 2018-ல், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அனுப்பினார்களோ!

குழுவை விட்டு விலகாதீர்கள். அது பழைய வீடியோ என்று அதே குழுவில், உங்கள் பெயரிலேயே போடுங்கள். பெரியப்பாவை நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். என் பயமெல்லாம் அடுத்த வெள்ளத்தைப் பற்றித்தான். நிஜமான எச்சரிக்கை வரும்போது, 'போன தடவையும் இப்படித்தான் சொன்னான்' என்று அவர் படுகையிலேயே இருந்துவிடக் கூடாது. அன்றைக்கு 1077-ல் கேட்டு, கேட்ட நேரத்தையும் சேர்த்துக் குழுவில் போடுங்கள்.