சட்டியின் அடியில் இருக்கிறது சூப்

அன்புள்ள அக்கா,

உங்கள் சமையல் பதிவுகளை விடாமல் வாசிக்கிறேன். நானும் கணவரும் இரண்டு வருடமாகப் பிரான்சில், லியோனில் இருக்கிறோம். இங்கே ஒரு சின்ன உணவகத்தில் வெங்காய சூப் சாப்பிட்டதிலிருந்து அதை வீட்டில் செய்துவிட வேண்டும் என்று ஆசை. செய்தும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சொதப்பல்தான்.

பத்து நிமிடத்தில் வெங்காயம் சிவந்துவிடும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். எனக்கு முக்கால் மணி நேரம் ஆகியும் வெளுத்துப்போய்த் தண்ணீரில் மிதந்தது. தீயைக் கூட்டினேன், ஓரமெல்லாம் கருகிவிட்டது. அதே வீடியோவைப் பார்த்து இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டேன். வாயில் வைக்க முடியாத இனிப்பு. மேலே போட்ட ரொட்டியோ கூழாகிவிட்டது.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. பீஃப் ஸ்டாக் (மாட்டெலும்பு வேகவைத்த சாறு) இல்லாவிட்டால் இந்த சூப்பே இல்லை என்கிறாள் அலுவலகத் தோழி. அப்படியா? வைன் போடாமல் செய்யலாமா? அடுத்த மாதம் விருந்து வைத்திருக்கிறேன், எங்களையும் சேர்த்து ஆறு பேர். அதில் இரண்டு பேர் மதுவைத் தொட மாட்டார்கள். “ஒரு வெங்காய ரசத்துக்கு இவ்வளவு பாடா?” என்று கேட்கிறார் கணவர். அவருக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லுங்கள்.

க., லியோன்

*

அன்புள்ள க.,

உங்கள் தோழி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டாக் இல்லாதது உங்கள் பிரச்சினையே இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஸ்டாக் ஊற்றும் கட்டம் வருவதற்கு முன்பே சூப் கெட்டுவிட்டது.

வீடியோவில் சொன்ன பத்து நிமிடத்தை மறந்துவிடுங்கள். ஒரு கிலோ வெங்காயத்தில் தொள்ளாயிரம் கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் சட்டியில் கிடக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது. பிரியாணிக்கு வெங்காயம் சீக்கிரம் சிவக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே நிறைய எண்ணெயில் பொரிக்கிறோம், எண்ணெயின் சூடே தண்ணீரை விரட்டிவிடும். இங்கே ஒரு கிலோ வெங்காயத்துக்கு 50 கிராம் வெண்ணெய்தான். தண்ணீர் தானாகத்தான் வற்ற வேண்டும். நீங்கள் முக்கால் மணி நேரம் நின்றது வீண் இல்லை. தண்ணீர் வற்றி முடியப்போகிற நேரத்தில் பொறுமை போய்த் தீயைக் கூட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். சிறிய சட்டியில் வெங்காயத்தை மலையாகக் குவித்திருப்பீர்கள் என்றும் தோன்றுகிறது. அகலமான, அடி கனத்த பாத்திரம் வேண்டும். இரும்பிலோ எனாமல் பூசிய வார்ப்பிரும்பிலோ இருந்தால் நல்லது. நான்ஸ்டிக் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

மஞ்சள் தோல் வெங்காயம் வாங்குங்கள். கண்ணைக் கரிக்கிற ரகமாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. காரமான வெங்காயத்தில் சர்க்கரை குறைவு என்று நினைக்க வேண்டாம். பச்சையாக இருக்கும்போது காரம் இனிப்பை மறைக்கிறது. வேகவேகக் காரம் ஆவியாகப் போய்விடும், இனிப்பு தங்கிவிடும், தண்ணீர் வற்ற வற்ற அது இறுகும். அப்புறம் அதன் தலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை எதற்கு? வெங்காயத்தைக் குறுக்கே வளையமாக நறுக்காமல், வேரிலிருந்து நுனிவரை நீளவாக்கில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். வளையமாக நறுக்கியது கரைந்துவிடும். நீளவாக்கில் நறுக்கியது ஒரு மணி நேரம் வதங்கினாலும் இழையாக நிற்கும்.

வெண்ணெயோடு ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு, வெங்காயத்தைப் போட்டு, ஒரு டீஸ்பூன் உப்பைத் தூவிக் கிளறி மூடிவிடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் எல்லாம் துவண்டு, பாதியாகச் சுருங்கி, தண்ணீரில் கிடக்கும். நீங்கள் பயந்தது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். பயப்பட ஒன்றும் இல்லை, மூடியை எடுத்துவிட்டு அவ்வப்போது கிளறிக்கொண்டிருங்கள். தண்ணீர் வற்றும் நேரம் சத்தத்திலேயே தெரியும். கொதிக்கிற சத்தம் அடங்கி, வெண்ணெய் சடசடக்க ஆரம்பிக்கும். இனிமேல் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

அப்போது சட்டியின் அடியைப் பாருங்கள். வெங்காயத்தின் சர்க்கரையும் சாறும் மெல்லிய பழுப்புப் படலமாகப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். சூப்பின் ருசி முக்கால்வாசி அதில்தான். சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறமும் மணமும் தருகிற வினை அங்கே நடக்கிறது. 1912ல் அதை விளக்கிய லூயி கமீல் மயார் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது இந்த சூப்புக்குப் பொருத்தம்தான். நான்ஸ்டிக் சட்டியில் இந்தப் படலம் ஒட்டாது, அதனால்தான் அதை வேண்டாம் என்றேன். படலம் நல்ல பழுப்பானதும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டுங்கள். சுர்ரென்று ஆவி கிளம்பும், அடி சுத்தமாகும், அந்த நிறம் முழுவதையும் வெங்காயம் குடித்துக்கொள்ளும். மறுபடி பிடிக்க விடுங்கள், மறுபடி சுரண்டுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் வெங்காயம் நாட்டுச்சர்க்கரை நிறத்தைத் தாண்டிக் கருப்பட்டி நிறத்தை நெருங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். படலம் கறுத்துவிட்டால் மட்டும் சுரண்டாதீர்கள். கசப்பு சூப் முழுக்க இறங்கிவிடும், வெங்காயத்தை வேறு சட்டிக்கு மாற்றிவிடுவதே மேல். மொத்தத்தில் ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்பது உண்மைதான், ஆனால் வெங்காயம் களியாகிவிடும். எனக்குப் பிடிக்காது.

இனி ஸ்டாக். இந்த சூப்புக்குப் பெயர் வாங்கித் தந்த இடம் பாரிஸின் லே ஆல் சந்தை. இரவெல்லாம் மூட்டை தூக்கியவர்களும், கறிக்கடைக்காரர்களும், நாடகமும் நடனமும் முடிந்து வந்த பணக்காரர்களும் விடியற்காலையில் ஒரே கடையில் உட்கார்ந்து இதைக் குடித்தார்கள். 1969ல் சந்தை நகருக்குத் தெற்கே ரன்ஜீஸுக்குப் போய்விட்டது. பழைய இரும்புக் கூடங்களை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே வணிக வளாகம். 1947ல் தொடங்கிய ‘ஓ பியே த கொஷோன்’ உணவகம் அந்தப் பக்கத்தில் இன்னும் சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறது. இறைச்சிச் சந்தைக்கு நடுவில் இருந்த கடைகளுக்கு எலும்புச் சாறு கிடைப்பதில் சிரமம் இல்லை. வீடுகளின் கதை வேறு. வெங்காயமும் காய்ந்த ரொட்டியும் மட்டும் இருந்த வீட்டில் வெறும் தண்ணீரில்தான் செய்தார்கள், அதுவும் வெங்காய சூப்தான். கல்யாண வீட்டில் ஆடிக் களைத்தவர்களுக்கு விடிவதற்குள் இந்த சூப் கொடுப்பது பிரான்சில் பழைய வழக்கம். அந்த நேரத்தில் யார் எலும்பு வேகவைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்?

ஆகவே நீங்கள் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். ஒரு கிலோ வெங்காயத்துக்கு ஒன்றேகால் லிட்டர். கொஞ்சம் அழுத்தம் வேண்டுமானால், காய்ந்த செப் காளானில் ஒரு கைப்பிடியை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரை வடிகட்டிச் சேருங்கள், கூடவே ஒரு டீஸ்பூன் சோயா சாஸ். கோழி சாப்பிடுவீர்கள் என்றால் கோழிச் சாறும் நன்றாக இருக்கும். கடையில் விற்கிற கியூப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், உப்புதான் முன்னால் வந்து நிற்கும். தைம் இரண்டு கொத்து, பே இலை ஒன்று (நம்மூர் பிரிஞ்சி இலையின் வாசனை வேறு), மிளகு, அரை மணி நேரம் சிறு தீயில் கொதி. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு மேசைக்கரண்டி மைதா தூவிக் கிளறினால் சூப்புக்கு லேசான கனம் வரும். தூவாவிட்டாலும் குறையில்லை.

மாட்டிறைச்சி வேண்டாம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. சூப்பின் மேலே துருவிப் போடும் சீஸ்கள் கொம்தே, க்ரூயேர். இரண்டுக்கும் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் சேர்க்கிறார்கள், விதியே அப்படி. உங்களுக்கு அது பொருட்டில்லை என்றால் கொம்தே வாங்குங்கள், உங்கள் ஊர்க் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். ரொம்ப முதிர்ந்தது வேண்டாம், சரியாக உருகாமல் எண்ணெய் கக்கும். பொருட்டு என்றால், நுண்ணுயிர் ரென்னட்டில் செய்தது என்று அட்டையில் போட்டிருக்கும் எமென்டாலைத் தேடுங்கள். மொட்ஸரெல்லா நூல் நூலாக இழுபடும், ருசிக்கு உதவாது.

ரொட்டி கூழானதற்குக் காரணம் அது காயவில்லை. மேலே சிவந்தால் போதும் என்று டோஸ்ட் செய்திருப்பீர்கள், உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கும். நேற்றைய பகெத்தை (நீளமான பிரெஞ்சு ரொட்டி) இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, 150 டிகிரி ஓவனில் கால் மணி நேரம், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம், உடைத்தால் நொறுங்கும் பதம் வரும்வரை காயவிடுங்கள். மேலே ஒரு பல் பூண்டைத் தேயுங்கள். கிண்ணத்தில் சூடான சூப், அதன்மேல் விளிம்புவரை மூடுகிற மாதிரி ரொட்டி, அதன்மேல் தாராளமாகத் துருவிய சீஸ். கொஞ்சம் சீஸ் கிண்ண விளிம்பில் வழியட்டும், அங்கே கருகி ஒட்டுவதைச் சுரண்டித் தின்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். கிரில்லுக்கு அடியில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். கிண்ணம் ஓவன் சூட்டைத் தாங்குவதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடிக் கிண்ணம் விரிசல் விட்டுவிடும். இருபுறமும் சிங்கத் தலை வைத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் இந்த சூப்புக்கென்றே கடைகளில் கிடைக்கும்.

உங்கள் ஊர்க்காரர்கள் இதோடு விடுவதில்லை. முட்டை மஞ்சள் கருவைப் போர்ட் வைனோடு அடித்து, சீஸ் மேலோட்டை ஒரு பக்கம் தூக்கி உள்ளே ஊற்றிக் கலந்துவிடுவார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகவே படுகிறது. லியோனில் இருந்துகொண்டு இதைச் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

வைன் எதற்கு என்றால் புளிப்புக்கு. இவ்வளவு இனிப்பை வெட்ட ஏதாவது வேண்டும், அதற்குத்தான் வெங்காயம் சிவந்ததும் 150 மில்லி வெள்ளை வைன் ஊற்றிச் சுண்டவிடுகிறார்கள். கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்று விருந்தாளிகளிடம் சொல்லாதீர்கள். கொஞ்சம் தங்கத்தான் செய்யும். தொடாதவர்கள் என்றால் மொத்த சூப்பையும் வைன் இல்லாமலே செய்துவிடுங்கள். இறக்கும்போது ஆப்பிள் சைடர் வினிகரை அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாக விட்டு ருசி பார்த்துக்கொண்டே வாருங்கள். ஆறு பேருக்கு இரண்டு டீஸ்பூனுக்கு மேல் தேவைப்படாது.

உங்கள் கணவருக்கு: ரசம் சோற்றுக்கு, புளிப்பும் காரமும் முன்னால் நிற்க வேண்டும், கால் மணி நேரத்தில் இறக்காவிட்டால் கெட்டுவிடும். இது காய்ந்த ரொட்டியைத் தின்ன வைப்பதற்காக வந்தது, சீக்கிரம் இறக்கினால் கெட்டுவிடும். இரண்டுக்கும் சண்டை மூட்ட வேண்டாம். வெங்காயம் நறுக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள்.

ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ வெங்காயம், 75 கிராம் வெண்ணெய், கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகும். ஒன்றரைக் கிலோவை ஒரே சட்டியில் அடைக்காமல் இரண்டு சட்டியில் பிரித்து வதக்குங்கள், இல்லையென்றால் மறுபடியும் தண்ணீரில் மிதக்கும். சூப்பை முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், மறுநாள் ருசி கூடத்தான் செய்யும். ரொட்டியையும் காலையிலேயே காயவைத்துக்கொள்ளலாம். சீஸையும் கிரில்லையும் மட்டும் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் ஊற்றும்போது சூப் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். ஆறிப்போன சூப்பை மூன்று நிமிட கிரில் சூடாக்காது.