மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு மாதவிடாய் நின்று உடல் எரிகிறது. மட்டக்களப்பில் யாரிடம் கதைக்கலாம்?

கீமோ முடிந்து தமொக்சிபென் (ஹோர்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் குளிசை) குடிக்கிறீர்கள் என்று எண்ணித்தான் எழுதுகிறேன். எனக்கு மூன்றாவது கீமோவோடு மாதவிடாய் நின்றுவிட்டது. அப்போது வயது 43. முடி கொட்டும், சத்தி வரும் என்றெல்லாம் ஊரே சொன்னது. இதை ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திக்குப் போயிருந்தேன். மதுரையை எரித்த அம்மனின் வெக்கையைத் தணிக்கிற சடங்கு. சனத்துக்குள் நிற்கும்போது நெஞ்சிலிருந்து நெருப்பு ஏறி, முகம் சிவந்து, ரவிக்கை முதுகோடு ஒட்டி, கை நடுங்கத் தொடங்கியது. எனக்கு உரு வருகிறது என்று நினைத்துச் சனம் விலகியது. ஒரு அம்மா வேப்பிலையைக் கையில் தந்தார். அதைப் பிடித்தபடி வெளியே வந்து கிணற்றடியில் இருந்து அழுதேன். பின்னால் வந்த மாமி தலையில் தண்ணீர் தெளித்து, "எனக்கும் நாலு வருசம் இப்படித்தான் எரிஞ்சது மகள், ஏன் வாயைத் திறக்காம இருந்த?" என்று கேட்டார்.

மறுகா கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸியிடம் சொன்னேன். அவர்தான் டொக்டரிடம் எடுத்துச் சொன்னார். என்னுடையது ஹோர்மோனால் வளரும் வகை, அதனால் எரிவுக்குக் கொடுக்கிற ஹோர்மோன் குளிசை சரிவராது. வென்லாபக்சின் குறைந்த அளவில் தந்தார்கள். மனச்சோர்வுக்கும் அதைக் கொடுப்பதால் ஒரு உறவுக்காரர் "விசர்க் குளிசை" என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும், எனக்கு நித்திரை வந்தது. ஆனால் மனச்சோர்வுக் குளிசைகள் எல்லாமே எங்களுக்கு ஒத்துவரும் என்றில்லை. அவற்றில் ஒன்றான பரொக்செற்றின், தமொக்சிபெனின் வேலையைக் குறைத்துவிடும். நான் டொக்டர் இல்லை, ஃபார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எரிவு தாங்காமல் தமொக்சிபெனை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

கீழே வறட்சியும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் போனது. ஹோர்மோன் இல்லாத ஜெல் இருக்கிறது, கேளுங்கள். இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று கேட்பவர்கள், பக்கத்தில் படுக்கும் மனைவியிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் யன்னல் திறக்க வழியில்லை, விடியும்வரை படம் அலறுகிறது. தலையில் முடியில்லாத ஒருத்தி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் "அப்ப இறங்குங்க" என்கிறார்கள். நோயாளிகள் எத்தனை பேர் அந்த வழியில் போய் வருகிறோம்!

சரி, யாரிடம் கதைப்பது? போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள், உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடமும் சொல்லுங்கள். எனக்குக் கைகொடுத்தது கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த காத்தான்குடி ராத்தா ஒருவர். நான் கொப்பியால் விசிறுவதைப் பார்த்து, "உங்களுக்கும் எரியுதா?" என்றார். அன்றே நம்பர் மாறிக்கொண்டோம். இப்போது ராத்திரி 2 மணிக்கு வாட்ஸ்அப்பில் "எழும்பிட்டீங்களா" என்று அனுப்பினால், அநேகமாக அவரும் முற்றத்தில் காற்றுக்கு இருப்பார்.