'நான் யார்' என்று பள்ளியில் கொடுக்கும் படைப்புத் திட்டப்பணியால் பிள்ளைக்கு உண்மையில் பயன் உண்டா?

உயர்நிலை 2 படிக்கும் உங்கள் மகளிடம் 'நான் யார், எனக்கு எது முக்கியம்' என்ற தலைப்பில் ஒரு படைப்பு செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓவியமோ காணொளியோ கதையோ, எதுவானாலும் சரி. இது நேரத்தை வீணாக்கும் வேலையா, வீட்டில் எப்படி உதவுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படிப்பட்ட படைப்புகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பயன் நிச்சயம் உண்டு. ஆனால், பிள்ளை தன் வீட்டிலோ நாளிலோ உள்ள ஒரு சின்ன விஷயத்தில் கை வைத்தால்தான் அது கிடைக்கும்.

'நான் யார்' என்பதை அப்படியே தூக்கிப் பதினான்கு வயதுப் பிள்ளை முன்னால் வைத்தால், அது பாவம் என்ன செய்யும்? மயில், கோலம், குத்துவிளக்கு, ஓரத்தில் சிங்கப்பூரின் சின்னமான மெர்லயன் (சிங்கத் தலை, மீன் உடல்), கீழே ஒரு குறள். கோலம் போட்டுப் பழகிய பிள்ளை கோலத்தை வரைந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். கோலப்பொடியைத் தொட்டே பார்க்காத பிள்ளை, தமிழ்ப் பிள்ளையிடம் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நினைத்து வரைவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது அவர்கள் தவறும் இல்லை. இங்கே அடையாளத்தை நாம் சின்ன வயதிலேயே கையில் கொடுத்துவிடுகிறோம். தாய்மொழிப் பாடம் எது என்பது தொடக்கநிலை 1-லேயே முடிவாகிவிடும். ஜூலை 21, இன நல்லிணக்க நாள் வந்தால் ஜிப்பா, பாவாடை தாவணி. 15 வயதில் வாங்கும் அடையாள அட்டையில் இனம் என்று ஒரு வரி.

பள்ளி கொடுத்த அடையாளம் வேறு இருந்தது. முன்பெல்லாம் 'உன்னைப் பற்றி எழுது' என்றால் பெயருக்கு அடுத்த வரியிலேயே 'நான் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு' என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த அந்தப் பிரிவுகள் 2024-இல் உயர்நிலை 1-க்கு வந்த பிள்ளைகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. அரையாண்டுத் தேர்வுகளும் 2023-க்குள் தொடக்கநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் இல்லாமல் போயின. அதில் மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சம் இந்த வேலைக்குப் போகட்டும் என்றுதான் சொல்வேன். தன்னைப் பற்றித் தானே ஒரு வரி எழுத ஒரு பிள்ளைக்கு வேறு எங்கே இடம் கிடைக்கிறது?

ஒரு மாணவனின் படைப்பைச் சொல்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத பையன். முதலில் அவனும் மெர்லயனோடுதான் வந்தான். 'இதை விடு, நேற்று வீட்டுக்குப் போனதும் என்ன செய்தாய்?' என்று கேட்டேன். 'சத்தம் போடாமல் உள்ளே போனேன்' என்றான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்ட், பகலில் தூங்குவார். சரி, அதையே படமெடுத்து வா என்றேன். சில புகைப்படங்களோடு வந்தான். படுக்கையறைக் கதவின் அடி இடுக்கில் செருகிய துண்டு. ஒலியை அடக்கிவிட்டு எழுத்து மட்டும் ஓடும் தொலைக்காட்சி. மாலை 5 மணிக்கு அப்பாவுக்காக மேசையில் தட்டு போட்டு மூடிய சாப்பாடு. வாசல் கேட்டின் பூட்டும் சங்கிலியும் இரும்பில் மோதிச் சத்தம் போடாமல் இருக்கப் பழைய பள்ளிச்சட்டைத் துணியைச் சுற்றி வைத்திருந்தான். அதை மட்டும் மிக அருகிலிருந்து எடுத்திருந்தான், நூல் பிரிந்த பொத்தான் ஓட்டைகூடத் தெரியும். ஒரு படத்திலும் அப்பா இல்லை. கீழே எழுதியிருந்தான்: 'எல்லாரும் என்னைக் கூச்ச சுபாவம் என்கிறார்கள். நான் வீட்டில் பழகிக்கொண்டது இது.'

அந்தப் பையனின் அறிக்கைப் புத்தகத்தில் 'இன்னும் பேச வேண்டும்' என்ற குறிப்பு அதற்கு முன் பல முறை வந்திருக்கும். இந்தப் படங்களுக்குப் பிறகு அவனைப் பற்றி நான் எழுதியது மாறியது. அவனும் தன்னை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தான். இந்தத் திட்டப்பணியின் பயன் என்ன என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் துணி சுற்றிய சங்கிலிதான்.

இன்னொரு மாணவி. அப்பா தமிழர், அம்மா சீனர். 2011 முதல் இங்கே இரண்டு இனங்களையும் கோடு போட்டுச் சேர்த்துப் பதிந்துகொள்ளலாம், அவளுக்கும் அப்படித்தான். முகத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் பொட்டு, ஒரு பக்கம் சீனர்களின் சிவப்புக் காகித விளக்கு என்று வரைவாள் என எல்லாரும் நினைத்தோம். அவளோ டாக்சி ஓட்டுநர், கோப்பிக்கடைக்காரர், சொந்தக்காரர்கள் எல்லாம் தன்னிடம் கேட்ட கேள்விகளை ஒரு சின்ன நோட்டில் எழுதினாள். பக்கத்துக்கு ஒரு கேள்வி, பதிலுக்கு வெற்றிடம். கேட்டவர் எந்த மொழியில் கேட்டாரோ அதே மொழியில். பதில் எழுதச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை. அது அவள் முடிவு, மிகச் சரியான முடிவு.

அப்புறம், விழுமியங்கள். மரியாதை, பொறுப்புணர்வு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்று கல்வி அமைச்சு வகுத்த ஆறு விழுமியங்கள் பள்ளிகளில் உண்டு. நல்லவைதான். ஆனால் பிள்ளைகள் அதில் ஒன்றை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கதையைப் பிறகு தேடுகிறார்கள். கதை செயற்கையாகத்தான் வரும். எந்த விழுமியம் என்பதைப் படைப்பை முடித்த பிறகு எழுதச் சொல்லுங்கள். பிள்ளை எதை விட்டுக்கொடுத்தது, எதை விட்டுக்கொடுக்க மறுத்தது என்று பார்த்தால் விழுமியம் தானாகத் தெரியும். ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன்: கவனித்த விதத்துக்கும் உழைப்புக்கும் மதிப்பெண் போடுங்கள், நல்ல பிள்ளை என்பதற்குப் போடாதீர்கள்.

வீட்டில் உதவ நினைத்தால், பாட்டி தாத்தாவிடம் பேச வையுங்கள். ஆனால் 'அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது' என்று கேட்டால் 'ரொம்பக் கஷ்டம்மா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் யார் எங்கே படுத்தீர்கள் என்று கேட்கட்டும். பேச்சு நீளும். அவர்கள் சொன்ன காலத்துத் தமிழ் முரசைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடலாம். 1935-இல் தொடங்கிய பத்திரிகை, அன்றைய விளம்பரங்களைப் பார்த்தாலே ஒரு பொழுது போய்விடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பலரின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. எப்படிக் கேள்வி கேட்பது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ அண்மையில் வந்த குடும்பமாக இருந்து, பாட்டி வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறார் என்றால், அந்த அழைப்பே ஒரு படைப்புக்குப் போதும்: யார் முதலில் பேசுவது, யார் ஓடி ஒளிவது, எப்போது பேச்சு நின்றுபோகிறது.

மொழியைப் பற்றியும் கேட்பீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், எல்லா இனத்தையும் சேர்த்த சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. தமிழாசிரியர் என்ற முறையில் அந்த எண் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக, அண்ணனிடம் ஆங்கிலத்தில் சண்டை போடும் பிள்ளையைப் படைப்பில் செந்தமிழில் சண்டை போடச் சொல்ல மாட்டேன். வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே வரட்டும். அதைச் சுற்றி அவள் சொந்தமாக எழுதும் வரிகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், சிரமப்பட்டாவது எழுதட்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வீட்டில் சண்டை, நோய், கடன், பிரிவு என்று எதுவும் இருக்கலாம். அதையெல்லாம் வகுப்பு முன்னால் கொட்டினால்தான் உண்மையான படைப்பு என்று யாரும் பிள்ளையை நினைக்க வைக்கக் கூடாது. எதைச் சொல்வது, எதைத் தனக்குள் வைத்துக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். வீட்டிலுள்ள ஒருவரைப் பற்றிச் செய்தால், ஒப்படைக்கும் முன் அவரிடம் காட்டிச் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பையனும் தன் அப்பாவிடம் படங்களைக் காட்டிவிட்டுத்தான் கொண்டு வந்தான்.

பாப்புலர் புத்தகக் கடையில் வண்ண அட்டை வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஒட்டுவதையும் எழுதுவதையும் அவளிடம் விட்டுவிடுங்கள். இந்த வாரம் ஒரு மாலை, பள்ளியிலிருந்து வந்ததும் முதல் அரை மணி நேரம் என்னென்ன செய்தாள் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதில் எந்த இடத்தில் நீங்கள் 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று கேட்கிறீர்களோ, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.