வின்னிபெக் போகும் மகளுக்கு எந்தச் சப்பாத்து?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்குக் கனடாவில் வின்னிபெக்கில் கெம்பஸ் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் பயணம். கொழும்பில் உள்ளே ரோமம் வைத்த பூட்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா?"

வேண்டாம் அம்மா. அந்தக் காசை மகள் கையில் கொடுங்கள். போய் இறங்கிய முதல் கிழமையே அங்கே வாங்கட்டும். கிறிஸ்மஸ் முடிந்து கடைகளில் விலை குறைப்பதும் உண்டு. பயணத்துக்கு இருக்கிற சப்பாத்தும் கம்பளிக் காலுறையும் போதும்.

நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல் வெள்ளையாகக் கிடக்கும், கொழுந்து கருகும். ஆனாலும் வெயில் ஏறியதும் பனி போய்விடும். வின்னிபெக்கில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிரில் மலிவான பிளாஸ்டிக் அடி கட்டையாக இறுகி, ஐஸில் வழுக்கும். உள்ளே எவ்வளவு ரோமம் இருந்தும் பயனில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஒரு சப்பாத்தை இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். அதற்குள் கிட்டத்தட்ட மைனஸ் 18 இருக்கும். காலையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைய மறுத்தால், அடியில் நகம் பதியாவிட்டால், அது அங்கே உதவாது.

கடையில் "மைனஸ் 40 வரை தாங்கும்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. மகள் பார்க்க வேண்டியது வேறு: மிருதுவான இறப்பர் அடி, ஆழமான வெட்டு, கணுக்காலுக்கு மேல் உயரம், கழற்றி எடுக்கக்கூடிய உள் உறை.

அளவில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். சிக்கென்று பிடித்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். இறுக்கினால் இரத்தம் ஓடாது, விரல் மரத்துவிடும். மாலையில், தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்க்கட்டும். கட்டாமல் காலை முன்னே தள்ளினால், குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும்.

அப்புறம் ஈரம். மைனஸ் 20இல் பனி உலர்ந்த தூள் மாதிரி இருக்கும். சப்பாத்தை நனைப்பது பெரும்பாலும் உள்ளே ஊறும் வியர்வைதான். பருத்திக் காலுறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு காலைக் குளிரவைக்கும். கம்பளிக் காலுறை மூன்று சோடி வேண்டும். இரவில் உள் உறையைக் கழற்றிக் காற்றில் வைக்கச் சொல்லுங்கள், ஹீட்டர் மேல் வேண்டாம். மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்தை அடுப்போரம் காயவைத்துத் தோல் வெடித்து, அடி பிளந்தது நினைவிருக்கும்தானே? அதேதான். நாம் செய்வதுபோல் பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்தாலே போதும்.

வீதியில் ஐஸ் உருகப் போடும் உப்பு தோலில் வெள்ளைக் கோடாகப் படியும். தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து அன்றன்றே துடைத்தால் தோல் தப்பும்.

வகுப்பறைகள் சூடாக இருக்கும். பூட்ஸோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் கால் வியர்த்து, வெளியே வந்ததும் உறையும். பைக்குள் ஒரு மெல்லிய கன்வஸ் சப்பாத்து வைத்துக்கொள்ளட்டும். அதை மட்டும் நீங்கள் இங்கேயே வாங்கிக் கொடுக்கலாம்.