புதுக் காடியின் ஹெட்லைட் மஞ்சளாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

காடி எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது, வீட்டில் கூரை போட்ட இடம் இல்லை, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது, லைட் மங்காமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே கேட்டது ரொம்ப நல்லது. மஞ்சளான பிறகு செய்வதெல்லாம் இரட்டைச் செலவு.

ஹெட்லைட் கண்ணாடி என்று நாம் சொன்னாலும், இப்போது வரும் காடிகளில் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். சுலபத்தில் உடையாது, ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளாகிவிடும். அதற்காகத்தான் ஃபேக்டரியிலேயே மேலே மெல்லிய பூச்சு ஒன்று அடித்து அனுப்புகிறார்கள். நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்தப் பூச்சைத்தான்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா காடியை லயத்து முன்னால் மேற்குப் பார்த்து நிறுத்துவார். ஒரு பக்க லைட்டுக்கு ரம்புத்தான் மர நிழல், இன்னொன்றுக்கு அதுவும் இல்லை. ஆறு வருடத்தில் நிழலில் இருந்தது ஓரளவு தெளிவாகவே இருந்தது, மற்றது பழைய எண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு ராத்திரி செம்பனைக்கு நடுவே வரும்போது, விளக்குக் கம்பம் இல்லாத ரோடு, நடுவில் மாடு படுத்திருந்தது பத்தடிக்குள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்லவேளை அப்பா மெதுவாக ஓட்டினார். மறுநாளே பட்டணத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 80 வெள்ளி கொடுத்து பாலிஷ் போட்டோம், பளபளவென்று ஆனது, நாலே மாதத்தில் பழையபடி மஞ்சள். தேய்த்தவர்கள் மிச்சமிருந்த பூச்சையும் எடுத்துவிட்டு, மேலே எதுவும் அடிக்காமல் விட்டிருந்தார்கள்.

சரி, உங்கள் காடிக்கு வருவோம். கையில் காசு இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமில்லாத பிலிம் ஒட்டிவிடுங்கள், லைட் புதிதாக இருக்கும்போது ஒட்டுவதுதான் சரி. கறுப்பு, மஞ்சள் பிலிம் வேண்டாம், வெளிச்சம் குறையும். பிலிம் வேண்டாமென்றால் அதே தடுப்பு உள்ள சீலண்ட், அதாவது மேலே பூசும் பாதுகாப்புத் திரவம், வாங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பூசுங்கள், அரை மணி வேலைகூட இல்லை. நம் ஊரில் வெயில் குறையும் பருவம் என்று ஒன்று கிடையாது, அதனால் விட்டுவிட்டுப் பூசினால் பலனில்லை. நிறுத்தும்போது முகப்பைச் சுவர்ப் பக்கமோ நிழல் விழும் பக்கமோ திருப்பி நிறுத்துங்கள்.

அப்புறம் செம்மண் தூசி. தோட்டத்து ரோட்டில் போய் வந்து காய்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், அந்த மண்தான் பூச்சைக் கீறுகிறது. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, காடி ஷாம்பூவும் மெத்தென்ற துணியும் போதும். ராத்திரி ஓட்டத்தில் அப்பும் பூச்சிகளை அன்றைக்கே ஊறவைத்து எடுத்துவிடுங்கள். தின்னர், பெட்ரோல் கிட்டேயே கொண்டு போகாதீர்கள். கொசு மருந்து தடவினால் பளிச்சென்று ஆகிறது என்று வீடியோ பார்த்திருப்பீர்கள், அதில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலையே கரைக்கிறது, பிறகு வெடிப்பு விடும். பற்பசை அவ்வளவு மோசமில்லை, ஆனால் அது தேய்ப்பதோடு சரி, பாதுகாப்பு எதுவும் தராது. வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மாட்டுவதும் வேண்டாம், அந்தச் சூடு லைட்டுக்குள்ளேயே கெடுதல் செய்யும்.

அப்பா காடியைக் கடைசியில் நானே தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால், 800, 1000, 2000, 3000 என்று சொரசொரப்பிலிருந்து நைசான நம்பர் வரை வரிசையாகத் தேய்த்து, வெயில் தாங்கும் கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு அடித்தேன். மூன்று வருடம் ஆகிறது, சீலண்டும் தவறாமல் பூசுகிறேன், இரண்டு லைட்டும் இப்போது ஒரே நிறம்.